பந்தியும் வாசலும்: டென்மார்க்கில் குடியேறிகள், வேலை, சோசல் காசு பற்றிக் கேள்வி பதில்

1991இல் கல்யாணமாகி டென்மார்க்கின் யூலண்டுப் பகுதிக்கு வந்தேன். அதில் 19 வருடம் ஒரு கொமூனின் வேலைவாய்ப்புப் பிரிவில் போனது. (நகராட்சியை இங்குள்ள தமிழர் கொமூன் என்றுதான் சொல்வோம், அரசு தரும் உதவிப் பணத்தைச் சோசல் காசு என்போம்.) போன மாதம் உங்கள் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். நிறைய வந்தன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

சென்னையிலிருந்து ஒரு மாணவி: அக்கா, ஸ்காண்டிநேவிய நாடுகள் தாராளமானவை என்று படித்தோம். அப்புறம் டென்மார்க் மட்டும் ஏன் குடியேறிகளிடம் இவ்வளவு கெடுபிடி? இரண்டும் எப்படிப் பொருந்தும்?

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பேன். ஜெர்மனியில் ஓய்வூதியம் பெரும்பாலும் நீங்கள் கட்டிய சந்தாவை ஒட்டி வரும். டென்மார்க்கில் மருத்துவம், பள்ளி, அடிப்படை ஓய்வூதியம் எல்லாம் வரிப்பணத்தில் நடப்பவை. இங்கே வசிக்கிறீர்கள் என்பதே பெரிய தகுதி. உள்ளே வந்தவருக்குப் பந்தியில் இலை போட்டாக வேண்டும். அதனால் சண்டை பந்தியில் நடப்பதில்லை, வாசலில் நடக்கிறது.

டேனிஷ்காரர் அடிக்கடி சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: கொடுத்த பிறகே அனுபவிக்கலாம். அவர்கள் மொழியில் இரண்டு வினைச்சொற்களும் எதுகை போட்டு வரும், அதனால் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். பழைய தொழிற்சங்கக்காரரின் கோஷமும் இதே ஜாதிதான்: கடமையைச் செய், உரிமையைக் கேள். வலதுசாரிகளுக்கு முன்பே இடதுசாரிகள் பேசிய பேச்சு இது என்பதை வெளியில் இருப்பவர்கள் கவனிப்பதில்லை.

நலத்திட்டம் தாராளமாக இருக்கட்டும், ஆனால் நம்மவருக்கு மட்டும் என்ற மனநிலைக்கு 1990இலேயே ஆய்வாளர்கள் தனிப் பெயர் வைத்துவிட்டார்கள். டென்மார்க்கின் யோர்கன் கௌல் ஆண்டர்சனும் நார்வேயின் டூர் பியோர்க்லுண்டும்தான் அவர்கள். 1995இல் பியா கியர்ஸ்கோர் தொடங்கிய டேனிஷ் மக்கள் கட்சி இதையே கொள்கையாக்கியது: முதியோருக்குக் கூடுதல் பணம், எல்லைக்குக் கூடுதல் பூட்டு. 2001இல் 12 விழுக்காடு வாக்கு, 2015இல் 21. அப்புறம் மெட்டெ ஃபிரெடெரிக்சன் தலைமையில் சமூக ஜனநாயகக் கட்சி அந்தப் பூட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2019இல் ஆட்சியும் அவர்களுக்குக் கிடைத்தது. மக்கள் கட்சி அந்த வருடம் 8.7க்கும், 2022இல் 2.6க்கும் இறங்கியது. அப்போது கட்சிதான் தேய்ந்தது, பூட்டு அப்படியே தொங்கியது.

ஹெர்னிங்கிலிருந்து ஒருவர்: முப்பது வருடம் வரி கட்டுகிறேன். இன்னும் என்னை 'மேற்கத்தியர் அல்லாதவர்' கணக்கில்தான் எழுதுகிறார்கள். அந்தக் கணக்கு என்ன சொல்கிறது?

அண்ணா, உங்கள் கோபம் நியாயம். டேனிஷ் புள்ளிவிவரத்தில் மேற்கு என்றால் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், பிரிட்டன், நார்வே, சுவிஸ் போன்றவை, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. மிச்சம் எல்லாரும் ஒரே கூடை. ஜப்பான்காரர்கூட உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், சந்தோஷப்படுங்கள்.

நிதி அமைச்சகம் போட்ட 2018ஆம் ஆண்டுக் கணக்கில், மேற்கத்தியர் அல்லாத குடியேறிகளாலும் அவர்கள் பிள்ளைகளாலும் அரசுக்கு நிகரச் செலவு சுமார் 31 பில்லியன் க்ரோனர். இந்த எண் தேர்தல் மேடையில் ஏறாத வருடம் இல்லை. அதே கணக்கில் பெரும்பகுதி மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கா, பாகிஸ்தான், துருக்கி என்ற ஒரு தொகுதியிலிருந்து வருகிறது. 2020 இறுதியில் அந்தத் தொகுதியைத் தனியே பிரித்துக் காட்டும் முடிவை அறிவித்தவர் குடியேற்ற அமைச்சர் மத்தியாஸ் டெஸ்ஃபாயெ. அவருடைய அப்பா எத்தியோப்பியாவிலிருந்து வந்த அகதி.

இலங்கை அந்தத் தொகுதியில் இல்லை. பிரித்தால் நமக்கு லாபம் என்று நம்மவர் சிலர் கைதட்டினார்கள். எனக்குக் கைதட்ட வரவில்லை. கூடையைச் சின்னதாக்கினாலும், உள்ளே இருக்கும் ஈராக் பல் மருத்துவரை வேலை கிடைக்காத அவருடைய அண்டைவீட்டுக்காரரோடு கட்டித்தான் வைத்திருக்கிறார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஆசிரியர்: யாருக்கு உதவி கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று சாதாரண மக்கள் எப்படித்தான் முடிவு செய்கிறார்கள்?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீட்டுவேன்.

நெதர்லாந்துச் சமூகவியலாளர் விம் வான் ஓர்ஸ்கோட் ஐரோப்பா முழுவதும் கேட்ட கருத்துக்கணிப்புகளை வைத்துப் பார்த்தார். ஏறக்குறைய எல்லா நாட்டிலும் வரிசை ஒன்றுதான்: முதலில் முதியவர், அடுத்து நோயாளியும் உடல் ஊனமுற்றவரும், அப்புறம் வேலை இல்லாதவர், கடைசியில் குடியேறி. மக்கள் மனதுக்குள் ஐந்து விஷயம் பார்க்கிறார்கள் என்கிறார். இந்த நிலைமைக்கு அவரே காரணமா, நன்றியோடு நடந்துகொள்கிறாரா, முன்பு ஏதாவது கொடுத்திருக்கிறாரா, நம்ம ஆளா, எவ்வளவு கஷ்டம். புதிதாக வந்தவருக்கு இதில் இரண்டு பாடத்தில் வந்த அன்றைக்கே ஃபெயில்: முன்பு கொடுத்ததும் இல்லை, நம்ம ஆளும் இல்லை.

ஆனால் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தின் லேனெ ஆரோவும் மிக்கேல் பாங் பீட்டர்சனும் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். டேனிஷ்காரரிடமும் அமெரிக்கரிடமும், உதவிப் பணம் வாங்கும் ஒருவரைப் பற்றி வேறு விவரம் சொல்லாமல் கேட்டால், டேனிஷ்காரர் தாராளம், அமெரிக்கர் இறுக்கம். அதே ஆளைப் பற்றி ஒரே ஒரு வரி சேர்த்தார்கள். ஒன்று, உடம்பு நன்றாக இருந்தும் வேலை செய்ய மனமில்லாதவர். இல்லையென்றால், எப்போதும் உழைத்தவர், வேலையில் அடிபட்டுவிட்டார். அவ்வளவுதான், இரண்டு நாட்டுக்காரருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அப்படியானால் தாராள மனம் என்று நாம் நினைத்தது, உதவி வாங்குபவர் என்றதும் கண்முன் வரும் முகம்தான். டேனிஷ்காரருக்கு வேலை போன ஒரு துரதிர்ஷ்டசாலி வருகிறார், அமெரிக்கருக்குச் சோம்பேறி வருகிறார். குடியேறி என்றதும் டேனிஷ்காரர் கண்முன்னும் முகம் மாறிவிடுகிறது.

முகம் மட்டும் இல்லை, எண்ணிக்கையும் தப்பாகத்தான் வருகிறது. பொருளியலாளர்கள் அல்பெர்டோ அலெசினா, ஸ்டெஃபானி ஸ்டான்ட்சேவா குழு ஆறு பணக்கார நாடுகளில் கேட்டது. அமெரிக்காவில் சட்டப்படி குடியேறியவர் 10 விழுக்காடு, மக்கள் நினைத்தது 36. ஏழை பணக்காரன் பற்றிக் கேட்பதற்கு முன்னால் குடியேறிகளைப் பற்றி ஒரு பேச்சை எடுத்தாலே, ஏழைக்குக் கொடுப்பதற்கான ஆதரவு குறைந்துவிட்டதாம். உண்மை எண்ணைச் சொல்லித் திருத்தினாலும் பெரிதாக மாறவில்லை.

ஓடென்ஸிலிருந்து ஒரு தம்பி: இவர்கள் தங்கள் சொந்த ஆட்களிடமும் இப்படித்தானா, அல்லது கறுப்பு முடிக்கு மட்டும்தானா?

சொந்த ஆட்களையும் விடமாட்டார்கள். 2011இல் ஒஸ்லெம் செகிச் என்ற இடதுசாரி எம்.பி., டென்மார்க்கிலும் வறுமை உண்டு என்று காட்டச் சக எம்.பி. யோவாகிம் ஓல்சனை ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனார். (ஓல்சன் முன்னாள் குண்டு எறிதல் வீரர், ஒலிம்பிக் பதக்கக்காரர்.) தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய். பத்திரிகைகள் 'ஏழை கரீனா' என்றன. கணக்கைப் பார்த்தால் மாதம் 15,728 க்ரோனர், நிலையான செலவு போகக் கையில் ஐயாயிரம். சூப்பர்மார்க்கெட் கல்லாவில் நின்று அதைவிடக் குறைவாக மிச்சம் பிடித்தவர்கள் பொங்கிவிட்டார்கள். இரக்கம் தேடிப் போனது இப்படித் திரும்பியது. அடுத்த வருடம் டி.வி.யில் 'சோம்பேறி ராபர்ட்' வந்தார், பிடிக்காத வேலைக்குப் போவதைவிட உதவிப் பணமே மேல் என்று சிரித்துக்கொண்டே. இருவரும் டேனிஷ்காரர். 2014 முதல் முப்பது வயதுக்குக் கீழே படிப்பில்லாதவருக்கான உதவி, அரசு மாணவருக்குக் கொடுக்கும் பணத்தின் அளவுக்குக் குறைந்தது. செய்தது சமூக ஜனநாயக ஆட்சிதான்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு தம்பி. ராபர்ட்டால் ராபர்ட்டுக்குத்தான் கெட்ட பேர். ஒரு சோமாலியர் அப்படிப் பேசியிருந்தால் எல்லாச் சோமாலியருக்கும் வந்திருக்கும்.

லண்டனிலிருந்து ஒருவர்: காசைக் குறைத்தால் வேலைக்குப் போவார்கள் என்கிறார்களே. உண்மையா?

2002இல் செய்து பார்த்தார்கள். அதற்கு முந்தைய எட்டு வருடத்தில் ஏழு வருடமாவது இங்கே வசித்திருக்காதவருக்கு 'தொடக்க உதவி' என்று சின்னத் தொகை. ஆண்டர்சன் (முன்பு சொன்னவர் இல்லை, இவர் வேறு), டஸ்ட்மன், லேண்டர்சோ என்ற மூன்று ஆய்வாளர்கள் பின்னால் பதிவேடுகளை வைத்து ஆராய்ந்தார்கள். ஆண்கள் ஆரம்பத்தில் கூடுதலாக வேலைக்குப் போனார்கள், அது நாளாக ஆக மங்கிவிட்டது. பெண்கள் பலர் வேலை தேடுவதிலிருந்தே விலகிவிட்டார்கள். கடையில் திருட்டு கூடியது, பெரும்பாலும் சூப்பர்மார்க்கெட்டில். பிள்ளைகளின் மொழித் தேர்வு, படித்த வருடங்கள் எல்லாம் கீழே. 2012இல் எடுத்தார்கள், 2015இல் வேறு பேரில் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

எதிர்ப்பக்கத்தின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். குறைந்த சம்பள வேலைக்கும் உதவிப் பணத்துக்கும் இடையில் இடைவெளி இல்லாவிட்டால் வேலைக்குப் போகிறவன் தன்னை முட்டாளாக நினைப்பான். அதை என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னவர்களில் குடியேறிகளும் உண்டு.

பெங்களூரிலிருந்து ஒரு மென்பொருள்காரர்: வேலை விசாவில் வரப் போகிறேன். என்னையும் இப்படித்தான் பார்ப்பார்களா? அகதிகளின் நகையைப் பறிக்கும் சட்டம் உண்டாமே, மனைவியின் தாலிக்கொடி?

நகைச் சட்டம் 2016இல் வந்தது, தஞ்சம் கேட்டு வருபவருக்கு மட்டும். 10,000 க்ரோனருக்கு மேலான பொருளை எடுக்கலாம், ஆனால் கல்யாண மோதிரம் போன்ற உணர்வுபூர்வமானதைத் தொடக்கூடாது. தாலியும் அதற்குள் அடங்கும் என்பது என் வாசிப்பு. எப்படியும் உங்களுக்கு அது பொருந்தாது.

உங்களை வேறு மாதிரித்தான் பார்ப்பார்கள், ஏனென்றால் கொடுத்துக்கொண்டே உள்ளே நுழைகிறீர்கள். 2023இல் குறைந்த சம்பள வரம்பு ஒன்றை வருடத்துக்கு 375,000 க்ரோனராக இறக்கினார்கள், ஆள் தட்டுப்பாடு. ஆனால் வேலை விசாவில் இருந்துகொண்டு கொமூனின் உதவிப் பணத்தைத் தொட்டால் விசா போய்விடும். வேலையின்மைக் காப்பு நிதி வேறு சமாச்சாரம், அது சந்தா கட்டும் காப்புறுதி. வந்த மாதமே சேர்ந்துவிடுங்கள். தொழிற்சங்கத்திலும் சேருங்கள், இங்கே சட்டப்படி குறைந்தபட்சக் கூலி கிடையாது, எல்லாம் சங்கமும் முதலாளிகளும் பேசி எழுதும் ஒப்பந்தம்தான்.

வைலெயில் பிறந்த ஒரு தங்கை: அப்பா எப்போதும் 'தமிழ் வழக்கு' என்பார், முழுக்கதை சொல்ல மாட்டார். என்ன அது?

1983இல் டென்மார்க் மிகத் தாராளமான வெளிநாட்டவர் சட்டம் போட்டது. அகதியாக ஏற்கப்பட்டவருக்குக் குடும்பத்தை அழைக்கச் சட்டப்படி உரிமை. எண்பதுகளின் நடுவில் இலங்கையிலிருந்து நம்மவர் வந்து, மனைவி மக்களுக்கு விண்ணப்பித்தார்கள். 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சென், தமிழரின் விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் சொன்னார். சட்டத்தை மாற்றவில்லை, கோப்பு மட்டும் நகரவில்லை. இந்திய-இலங்கை ஒப்பந்தமாகிவிட்டது, இலங்கை அமைதியாகிவிடும், இவர்கள் திரும்பிப் போகலாம் என்ற கணக்கு. அங்கே யாழ்ப்பாணத்தில் இந்திய ராணுவத்தோடு சண்டை.

1989இல் பிரதமர் பௌல் ஸ்லூட்டர் நாடாளுமன்றத்தில், கம்பளத்துக்கு அடியில் எதையும் கூட்டித் தள்ளவில்லை என்றார். 1993 ஜனவரியில் நீதிபதி ஹார்ன்ஸ்லெட்டின் விசாரணை அறிக்கை, சுமார் 6,000 பக்கம், தள்ளியதைக் காட்டியது. பத்து வருட அரசாங்கம் ராஜினாமா. 1995இல் அமைச்சர்களை விசாரிக்கும் தனி நீதிமன்றம் நின்-ஹான்செனுக்கு நான்கு மாதச் சிறை விதித்து, நிறுத்தி வைத்தது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள். 2021இல் அதே நீதிமன்றம் முன்னாள் குடியேற்ற அமைச்சர் இங்கர் ஸ்டாய்பெர்க்குக்கு 60 நாள் கொடுத்தது, பதினெட்டு நிரம்பாத துணையோடு தஞ்சம் கேட்டு வந்த தம்பதிகளைத் தனித்தனியே விசாரிக்காமல் பிரித்ததற்காக. எம்.பி. பதவி போனது. அடுத்த வருடமே புதுக் கட்சியோடு திரும்ப நாடாளுமன்றம் போனார். சட்டத்தை மீறிய அமைச்சரைத் தண்டிக்கும் நாடும், அவருக்கு ஓட்டுப் போடும் நாடும் ஒன்றுதான்.

ஹோல்ஸ்டெப்ரோவிலிருந்து ஒரு அக்கா: நம்மவரே சிரியாக்காரரைப் பார்த்து 'சும்மா இருந்து சோசல் காசு எடுக்குதுகள்' என்கிறார்களே. கேட்கவே வெட்கமாக இருக்கு.

வெட்கப்பட்டு என்ன செய்ய அக்கா, நாமும் இந்த ஊர்த் தண்ணீர்தான் குடிக்கிறோம். மீன் தொழிற்சாலையிலும் துப்புரவு வேலையிலும் முதுகு உடைந்தவர்களுக்கு, கொடுத்துத்தான் எடுத்தோம் என்பதுதான் இங்கே கிடைத்த ஒரே மரியாதை. அதை அடுத்தவருக்குச் சும்மா விட்டுக்கொடுக்க மனம் வராது.

போன கோடையில் பிராண்டெ அபிராமி அம்மன் கோயில் திருவிழாவில் ஒரு பெரியவர் இதே பேச்சை எடுத்தார். சிரியர்களுக்கு அனுமதியைப் புதுப்பிக்காதது சரிதானாம், டமாஸ்கஸ் இப்போது அமைதியாம். அவர் 1987இல் மனைவிக்கு விண்ணப்பித்துவிட்டு இரண்டு வருடம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றவர். “ஐயா, அப்ப உங்களுக்கும் இதைத்தானே சொன்னவங்கள், யாழ்ப்பாணம் அமைதி எண்டு?” என்று கேட்டேன்.

“அது வேறை பிள்ளை” என்றார். அவர் மனைவி திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் இன்னொரு வடை வைத்தார்.