பொய் இல்லாத விளம்பரம்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் ஓர் இரவு, பதினொரு மணிக்கு, காப்பீட்டு விளம்பரம் ஒன்றைக் கைபேசியில் பார்த்தேன். இறந்துபோன அப்பா முன்கூட்டியே எழுதிவைத்த கடிதங்களை மகள் ஒவ்வொரு பிறந்தநாளிலும் பிரித்துப் படிக்கிறாள். அழுதுவிட்டேன். அழுத கையோடு என் மகள் பெயரில் மாதம் 4,000 ரூபாய் கட்டும் பாலிசி ஒன்றையும் எடுத்துவிட்டேன். வேண்டாம் என்பதற்கான பொத்தானில், ‘என் குழந்தையின் எதிர்காலத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கிறேன்’ என்று எழுதியிருந்தது. அதைத் தொட விரல் வரவில்லை. ‘அதில் பொய் என்ன இருக்கிறது, நல்ல விஷயம்தானே’ என்கிறார் கணவர். படிக்காத பெண்கள் ஏமாறலாம். முதுகலை படித்த எனக்கு இப்படி நடக்கலாமா? விளம்பரம் பார்த்து அழுவது மனப்பலவீனமா? மகளை விளம்பரங்களிலிருந்து காப்பது எப்படி?

ம.,
கோயம்புத்தூர்

அன்புள்ள ம.,

அழுததற்காக வெட்கப்பட வேண்டாம். தகப்பனை இழந்த ஒரு பெண்ணைக் கண்டால் கண் கலங்கத்தான் செய்யும். மகளிடமிருந்து விளம்பரத்தை மறைப்பது பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பேருந்தின் முதுகு முதல் நோட்டுப் புத்தகத்தின் அட்டை வரை அது இருக்கும் ஊரில் யாராலும் முடியாது. உங்கள் கடிதத்தின் இரண்டு வரிகள் என்னைத் தூங்கவிடவில்லை. ஒன்று, உங்கள் கணவர் சொன்னது. மற்றொன்று, படிக்காத பெண்கள் ஏமாறலாம் என்று நீங்கள் எழுதியது. அதை நீங்கள் எழுதியிருக்கக் கூடாது.

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், மடியில் சுளகை வைத்துக்கொண்டு, காலையிலிருந்து விளக்கேற்றும் வரை பீடி சுற்றினாள். சுற்றியதைக் கொடுக்கப் போகும் வழியில் ஒரு பலசரக்குக் கடை. அதன் சுவரில் சத்துப் பானத் தூள் ஒன்றின் விளம்பரப் படம் மாட்டியிருந்தது. வெளுத்த நிறத்தில் சிரித்த முகமாக ஒரு பெண், அவள் பக்கத்தில் கையில் தம்ளருடன் கன்னம் உப்பிய ஒரு பையன். எனக்கு அப்போது ஏழு வயது. எலும்பும் தோலுமாக இருப்பேன். அம்மா அந்தப் படத்தை நின்று பார்ப்பாள், பிறகு குனிந்து என்னைப் பார்ப்பாள். ஒருநாள் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லி ஒரு பாட்டில் வாங்கினாள். அந்த வாரக் கூலியில் பாதி அதற்கே போயிற்று.

அக்காவுக்கு அந்தத் தூள் கிடையாது. ஒரு பாட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் தாங்கும். நான் தம்ளரை ஊதி ஊதிக் குடிக்க, அவள் எதிரே உட்கார்ந்து பீடி இலை வெட்டிக்கொண்டிருப்பாள். தூள் தீர்ந்த அன்று அம்மா பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கிக் குலுக்கி, அடியில் ஒட்டியிருந்ததைக் கரைத்து அக்காவிடம் கொடுத்தாள். அக்கா பாதி குடித்துவிட்டு மீதியை அம்மாவிடமே நீட்டினாள், அம்மா வாங்கவில்லை. காலிப் பாட்டிலை லேபிள் கிழியாமல் துடைத்து, சீரகம் போட்டு, வருகிறவர் கண்ணில் படும்படி முன்வரிசையில் வைத்தாள். இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பில் விற்கக் கூடாதென்று இணையக் கடைகளுக்கு அரசு சொன்னது 2024இல்தான். அதற்குள் அம்மா இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

அந்தப் படத்திலிருந்த ஒரு சொல்லைக்கூட அம்மாவால் படித்திருக்க முடியாது. ஆகவே அது அவளிடம் பொய் சொல்லவில்லை; உங்கள் கணவரின் கணக்குப்படி அங்கே தவறேதும் நடக்கவில்லை. ஆனால் அதுவரை பிள்ளைக்குக் கம்பங்கூழும் முருங்கைக்கீரையும் கொடுத்துவந்த ஒரு தாய், அதைப் பார்த்த நாளிலிருந்து, பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதவளாகத் தன்னை எண்ணத் தொடங்கினாள். அந்த எண்ணத்திலிருந்து வெளியேற அவளுக்குக் காட்டப்பட்ட வழி ஒன்றே ஒன்று, அதற்கும் ஒரு விலை இருந்தது. ஒரு பொருளை வாங்காதிருப்பதையே அன்பின்மையாக மாற்றிவிட்ட பிறகு, விருப்பப்பட்டு வாங்கினாள் என்று எப்படிச் சொல்வது?

இது வெறும் மனத்தாங்கல் என்று எண்ணிவிடாதீர்கள்; நம் சட்டமே ஒரு முறை இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. ஏழை நாடுகளில் பால்பொடி விளம்பரத்தை நம்பித் தாய்ப்பாலை நிறுத்திய பெண்கள், காசு போதாமல் பொடியை நீர்க்கக் கரைத்தார்கள். அதையும் சுத்தமில்லாத தண்ணீரில் கரைத்தார்கள். வயிற்றுப்போக்கிலும் சத்துக்குறைவிலும் குழந்தைகள் இறந்தன. உலகெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு 1981இல் உலக சுகாதாரப் பேரவை இவற்றின் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. இந்தியா 1992இல் சட்டமே இயற்றி, 2003இல் அதை மேலும் இறுக்கியது. இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்குரிய பால்பொடிக்கும் குழந்தை உணவுக்கும் பாலூட்டும் புட்டிக்கும் இங்கே விளம்பரமே செய்யக் கூடாது. பால்பொடி டப்பாவின் மேல் குழந்தையின் படமோ பெண்ணின் படமோ இருக்கவும் கூடாது. அடுத்த முறை மருந்துக்கடைக்குப் போகும்போது எடுத்துப் பாருங்கள். பொய்தான் சிக்கல் என்றால், பொய்யான படம் கூடாது என்று எழுதியிருந்தால் போதுமே! சிரிக்கும் ஒரு குழந்தையின் முகத்தில் என்ன பொய் இருக்கிறது? இருந்தும் தடுத்தார்கள். ஒரு வார்த்தையும் பேசாமல் அந்த முகம் தாயின் மனத்தில் என்ன செய்யும் என்பதைச் செத்த குழந்தைகளை வைத்துக் கற்றுக்கொண்ட பிறகு தடுத்தார்கள்.

நீங்கள் தொடத் தயங்கிய பொத்தானுக்கும் இப்போது தடை உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள், இணையத்தில் வாடிக்கையாளரைச் சிக்கவைக்கும் 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடுத்திருக்கின்றன. அச்சமோ வெட்கமோ குற்றவுணர்வோ ஊட்டி வாங்கவைப்பது அவற்றுள் ஒன்று. ஆனால் அதே குற்றவுணர்வை ஒரு விளம்பரப் படம் வயலின் இசையோடு ஊட்டினால், உங்கள் கணவரைப் போல நாமும், ‘பொய் இருக்கிறதா?’ என்று மட்டும் கேட்டுவிட்டு அடங்கிவிடுகிறோம். அந்தக் கேள்வியைக் கேட்டே என் தலைமுறை கழிந்துவிட்டது.

உங்கள் முதுகலைப் பட்டம் பொய்யான வாக்கியத்தைக் கண்டுபிடிக்க உதவும். அன்றிரவு உங்களிடம் வந்தது வாக்கியம் அன்று. அம்மா சுவரில் பார்த்ததை நீங்கள் கைபேசியில் பார்த்தீர்கள். அவளைவிட ஒரு படி மேலே நின்று அவளைப் பார்த்து இரங்காதீர்கள். அவளுடைய வாரக் கூலியும் உங்களுடைய 4,000 ரூபாயும் ஒரே கதவு வழியாகத்தான் போயின.

பொத்தானின் படத்தை எடுத்து வைத்திருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். பாலிசியை இன்னும் திருப்பிக் கொடுக்கலாம். பத்திரம் கைக்கு வந்ததிலிருந்து 30 நாள் அவகாசம் உண்டு, சிறு பிடித்தம் போக மீதிப் பணம் வந்துவிடும். திருப்பியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பகலில், கணவரோடு உட்கார்ந்து, பத்திரத்தில் காப்பீடு யாருடைய உயிருக்கு என்று முதலில் பாருங்கள். அப்பாவின் சாவை நினைத்து அழுதுவிட்டு மகள் பெயரில் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். காப்பீடு செய்யப்பட்டது அந்தக் குழந்தையின் உயிர்தான் என்றால், நீங்கள் பயந்த நாளில் அந்தப் பத்திரத்திலிருந்து உங்களுக்கு எதுவும் வராது.