"கர்த்தர் நடத்துகிறார்" என்று சொல்லிக் கதவைச் சாத்தாதீர்கள்

கேள்வி: கணவருக்குப் போன வருடம் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் இயங்காமல் போய்விட்டது. விடிய மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். வைத்தியச் செலவுக்கு எடுத்த நுண்கடனைக் கட்ட இன்னொன்று எடுத்து, இப்போது மூன்று கடன். நகைகள் அடைவில். கனடாவிலுள்ள தம்பிக்கோ, உயர்தரம் படிக்கும் மகளுக்கோ ஒன்றும் தெரியாது. சபையில் யாராவது விசாரித்தால், "கர்த்தர் நடத்துகிறார்" என்று சிரித்தபடி சொல்லிவிடுவேன். இரவில் நித்திரை இல்லை. "சுயபலத்தை நம்பாதே, தேவபலத்தைச் சார்ந்திரு" என்று போதகர் பிரசங்கிக்கும்போது கோபம்கூட வருகிறது. நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் யார் இடியப்பம் அவிப்பது? எனக்கு விசுவாசம் இல்லாமல் போய்விட்டதா?

— ஒரு சகோதரி, மானிப்பாய்

பதில்: அன்புத் தங்கச்சி,

விசுவாசம் இல்லாமல் போனவர் இவ்வளவு கோபத்தோடும் திரும்பத் திரும்பக் கோயில் வாங்கில் வந்து அமரமாட்டார். அந்தக் கோபத்தைக் கடவுளிடமே சொல்லுங்கள். சங்கீதங்களில் அப்படிப்பட்ட முறையீடுகள் நிறைய இருக்கின்றன.

இடியப்பம் அவிப்பதை நிறுத்தும்படி கடவுள் கேட்கவில்லை. எருசலேமின் மதிலைக் கட்டும்போது எதிரிகள் தாக்க வருகிறார்கள் என்று அறிந்த நெகேமியா ஜெபமும் செய்தார், இரவு பகலாகக் காவலும் வைத்தார். இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கின்றன.

உங்கள் கடிதத்தில் என் மனதை வருத்தியது வேறொன்று. "கர்த்தர் நடத்துகிறார்" என்பது உண்மையான வார்த்தைதான். ஆனால் அதை நீங்கள் தாழ்ப்பாளாகப் போட்டுக்கொள்கிறீர்கள். அதைக் கேட்டபின் யாராலும் மேற்கொண்டு விசாரிக்க முடியாது. நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். பாரத்தைக் கர்த்தர்மேல் வைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு, ஒரு ரூபாய்ப் பாரத்தைக்கூட நீங்கள் இறக்கி வைக்கவில்லை. "யாருக்கும் தெரியக்கூடாது, நானே சமாளிப்பேன்" என்பதும் சுயபலம்தான். வீட்டு விஷயம் வேலியைத் தாண்டக்கூடாது என்று சொல்லித்தான் நம் ஊரில் பெண்பிள்ளைகளை வளர்த்தோம். யுத்தகாலத்தில் எத்தனையோ குடும்பங்களை அந்த வைராக்கியம் காப்பாற்றியது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் இன்று அது உங்களைத் தின்றுகொண்டிருக்கிறது.

மோசேயைப் பாருங்கள். கடல் பிளந்ததைக் கண்ட மனிதர். அவரே காலை தொடங்கி மாலை வரை தனியாக அமர்ந்து ஜனங்களின் வழக்கையெல்லாம் தீர்த்துக்கொண்டிருந்தார். மாமனார் எத்திரோ வந்து பார்த்துவிட்டு, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று நேரே சொன்னார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வைத்துப் பாரத்தைப் பகிரச் சொன்னார். "கர்த்தர் என்னை நடத்துகிறார், மாமா" என்று மோசே அவர் வாயை அடைக்கவில்லை. கேட்டார், அப்படியே செய்தார். அந்த நாளில் தேவபலம் அவருக்கு மாமனாரின் வாய்வழியாக வந்தது. சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்கோ, நித்திரையாகவும் சுட்ட அடையாகவும் தண்ணீராகவும் வந்தது. அவரை யாரும் முதலில் கண்டிக்கவில்லை.

ஆகவே நான்காவது கடனை எடுக்காதீர்கள். மூன்று கடன்களின் மீதி, கிழமைக் கட்டுக்காசு, அடைவுத் துண்டுகளின் திகதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். வெட்கப்பட வேண்டாம்: 2018-ல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் எடுத்திருந்த நுண்கடன்களில் ஒரு லட்சம் ரூபாய் வரையானவற்றை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. இந்தப் பொறியில் விழுந்தவர் நீங்கள் மட்டும் அல்ல. கணவருக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு கிடைக்குமா என்று பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கணவரைக் கிளினிக்கிற்குக் கூட்டிப்போகும் நாளில் உங்கள் நித்திரையைப் பற்றியும் வைத்தியரிடம் சொல்லுங்கள். மகளுக்கு முழுக் கணக்கும் வேண்டாம். கடன் இருக்கிறது என்று சொன்னால் போதும். மூன்று மணிக்கு எரியும் குசினி விளக்கை அவளும் பார்த்துக்கொண்டுதானே படுத்திருக்கிறாள்.

சபையில் நம்பிக்கையான ஒரு பெண்ணையாவது வீட்டுக்கு அழைத்து அந்தத் தாளைக் காட்டுங்கள். பெரும் படை எதிர்த்து வந்தபோது யோசபாத் ராஜா யூதா ஜனங்கள் எல்லாருக்கும் முன்பாக நின்று, "எங்களுக்குப் பெலனில்லை, நாங்கள் செய்யவேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை" என்று ஜெபித்தார். ராஜாவே ஊரறியச் சொன்ன அதே ஜெபத்தை, தாளைக் கையில் வைத்துக்கொண்டு இருவருமாகச் செய்யுங்கள்.

பிறகு தம்பிக்குத் தொலைபேசி எடுங்கள். "ஏன் அக்கா எனக்குச் சொல்லவில்லை?" என்று அவர் முதலில் கோபிக்கக்கூடும். கோபிக்கட்டும். பேச்சை மாற்றாமல், மூன்று கடன்களின் மீதியையும் ரூபாய்க் கணக்கில் சொல்லி முடியுங்கள்.