ஒன்ராறியோவின் சிறு நகரங்களில் ஸ்னோமொபைலையும் ஏ.டி.வி.யையும் வீதியில் ஓட்டலாமா?

ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏரிகள் சூழ்ந்த ஒரு சிறு நகருக்குக் குடிபெயர்ந்திருக்கிறீர்கள். வீட்டிலிருக்கும் ஸ்னோமொபைலையும் (பனியில் சறுக்கியோடும் ஊர்தி) ஏ.டி.வி.யையும் (கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) வாசலிலிருந்தே எடுத்து, ஊர் எல்லையில் தொடங்கும் தடம் வரை வீதியில் ஓட்டிச் செல்லலாமா, 14 வயது மகனும் ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மகன் இரண்டையுமே பொதுவீதியில் ஓட்டக்கூடாது. அதில் ஐயத்துக்கு இடமில்லை. உங்களைப் பொறுத்தவரை, விடையின் ஒரு பாதி மாகாணச் சட்டத்திலும் மறுபாதி உங்கள் நகரசபையின் உபவிதியிலும் இருக்கிறது. மாகாண அரசின் விளக்கத்தை மட்டும் படித்துவிட்டு, அனுமதி இருக்கிறது என்ற நம்பிக்கையில் புறப்படுபவர்களே பெரும்பாலும் தண்டப்பணத்துடன் வீடு திரும்புகிறார்கள்.

முதலில், இவ்விரண்டு வாகனங்களும் வெவ்வேறு சட்டங்களுக்கு உட்பட்டவை என்பதை மனத்தில் கொள்ளுங்கள். ஏ.டி.வி.யை வீதியில் ஓட்டுவது பற்றி 2003இல் வந்த 316/03 இலக்க ஒழுங்குவிதி சொல்கிறது. 2021 ஜனவரி 1 வரை, நகரசபை உபவிதி இயற்றி அனுமதித்தால் மட்டுமே உள்ளூர் வீதிகளில் ஏ.டி.வி. ஓட்ட முடிந்தது. அன்றிலிருந்து சிறிய நகராட்சிகளில் நிலைமை நேர்மாறாகிவிட்டது: தடைசெய்யும் உபவிதி இல்லாவிட்டால் ஓட்டலாம். பட்டியலிடப்பட்ட பெரிய நகராட்சிகளில் மட்டும், அனுமதிக்கும் உபவிதி இருந்தாக வேண்டும் என்ற பழைய முறை தொடர்கிறது. ஆகவே உங்கள் ஊரில் எந்த உபவிதியும் இல்லையென்றால் ஓட்டலாம் என்பதே பொருள். ஆனால் பல நகரசபைகள் இந்த மாற்றத்துக்குப் பின்னர் கூடி விவாதித்து, எந்தெந்த வீதிகளில், எந்த மாதங்களில், எந்த நேரங்களில் ஓட்டலாம் என்று தத்தமது எல்லைகளை வகுத்துக்கொண்டன. அயலூரில் ஓட்டுகிறார்கள் என்பது உங்கள் ஊரில் ஓட்டுவதற்குச் சான்றாகாது.

அனுமதி இருக்கும் வீதியிலும் சில நிபந்தனைகள் உண்டு. குறைந்தது ஜி2 (கார்) அல்லது எம்2 (மோட்டார் சைக்கிள்) தரத்து, அதாவது பயிற்சிநிலையைத் தாண்டிய, சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். வாகனம் பதிவு செய்யப்பட்டு, இலக்கத்தகடு பூட்டப்பட்டு, காப்புறுதி பெற்றிருக்க வேண்டும். தலைக்கவசம் அணிந்து, அதன் நாடிப்பட்டியையும் பூட்டியிருக்க வேண்டும். 8 வயதுக்குக் குறைந்த பிள்ளையை ஏற்றிக்கொண்டு வீதியில் போகக்கூடாது. மற்ற வாகனங்கள் போகும் திசையிலேயே, வீதியின் தோள்பட்டைப் பகுதியில், அதாவது ஓரத்துச் சரளைப் பகுதியில் ஓட்ட வேண்டும். வேக எல்லை 50 கிலோமீற்றரோ அதற்குக் குறைவோ உள்ள வீதியில் ஏ.டி.வி. 20 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது. அதைவிடக் கூடுதலான எல்லை உள்ள வீதியில் 50 கிலோமீற்றர் வரை போகலாம். ஊருக்குள் இருக்கும் வீதிகள் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தவை என்பதால், உங்களுக்குரிய எண் 20 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 20 கிலோமீற்றர் மிகவும் குறைவு என்று குறைப்படுபவர்கள் பலர். எனக்கு அது மிகச் சரியான வரம்பாகவே தோன்றுகிறது. பல ஏ.டி.வி.களில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் பிணைக்கப்பட்டு ஒரே வேகத்தில் சுழல்கின்றன. மண்ணில் திரும்பும்போது ஒரு சக்கரம் சற்று வழுக்கிக் கொடுப்பதால் தொல்லையில்லை. தார்வீதியிலோ காற்றழுத்தம் குறைந்த அந்தத் தடித்த டயர்கள் தரையை இறுகப் பற்றிக்கொள்வதால், வண்டி திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும், அல்லது உயரமான அதன் உடல் ஒருபுறமாகக் கவிழும். தார்வீதியில் ஓட்ட வேண்டாம் என்று உற்பத்தியாளர்களே எச்சரிக்கை ஒட்டி விற்பதற்குக் காரணம் இதுதான். ஸ்னோமொபைலின் சிக்கல் வேறு. அதன் முன்பக்கச் சறுக்குகள் பனியை வெட்டித்தான் திசை திருப்புகின்றன. பனி அகற்றப்பட்ட வெறும் தாரில் கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி உடனே இணங்காது. அத்துடன் வண்டியை உந்தும் ரப்பர்ப் பட்டியின் உள்ளே உராயும் பிளாஸ்டிக் தண்டுகளுக்குப் பனியே மசகு, நீரால் குளிர்விக்கப்படும் எஞ்சின்களுக்கு மேலெறியப்படும் பனியே குளிரூட்டி. வெறும் வீதியில் நெடுந்தூரம் ஓட்டினால் சட்டம் தண்டிப்பதற்கு முன் இயந்திரமே பழுதாகிவிடும்.

ஸ்னோமொபைலுக்கெனத் தனிச் சட்டமே உண்டு. 400 வரிசை அதிவேக நெடுஞ்சாலைகளில் அதற்கு இடமேயில்லை. மற்ற மாகாண நெடுஞ்சாலைகளில், பனி அகற்றிப் பராமரிக்கப்படும் வீதித்தளத்தில் ஓட்டாமல், தோள்பட்டைக்கும் வேலிக்கும் இடைப்பட்ட நிலத்தில்தான் செல்ல வேண்டும்; வீதித்தளத்தின் மீது ஏறுவது செங்குத்தாகக் குறுக்கே கடப்பதற்கு மட்டுமே. இந்த வாகனத்தின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இந்த விதி வியப்பளிக்காது. கியூபெக்கின் வல்கூர் என்ற ஊரைச் சேர்ந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியே, பனி மூடிய வீதிகளால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல முடியாமல் தம் சிறு மகனை இழந்தவர். 1930களில் அவர் உருவாக்கிய பெரிய பனி ஊர்திகள் வீதியில் பனி அகற்றப்படாத காலத்துக்கானவை. 1940களின் இறுதியில் கியூபெக் அரசு கிராமப்புற வீதிகளிலும் பனி அகற்ற ஏற்பாடு செய்ததும் அவற்றின் விற்பனை சரிந்தது. 1959இல் அவர் கொண்டுவந்த ஸ்கி-டூ என்ற சிறிய ஸ்னோமொபைல், வீதிக்கு வெளியே தனக்கென ஓர் இடத்தைத் தேடிக்கொண்டது.

நகருக்குள் ஸ்னோமொபைலை எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது என்பதை நகரசபை உபவிதியால் தீர்மானிக்கலாம். வீதிகளுக்கு மட்டுமன்றி, வீதிக்கு வெளியே உள்ள இடங்களுக்கும் அந்த அதிகாரம் செல்லும். வேகம் இங்கும் 20தான். பொதுப் பூங்காக்களிலும் அப்படியே. தடங்களில் 50. ஒன்ராறியோ ஸ்னோமொபைல் கழகங்களின் கூட்டமைப்பு பராமரிக்கும் தடத்துக்கு நீங்கள் வாங்கும் அனுமதிச்சீட்டு அந்தத் தடத்துக்கு மட்டுமே உரியது, உங்கள் வீதிக்கு அன்று. அந்தத் தடங்களில் பல, தனியார் தங்கள் நிலத்தை மனமுவந்து விட்டுக்கொடுத்ததால் உருவானவை. யாரேனும் ஒருவர் தடத்தை விட்டு விலகி வயலுக்குள் ஓட்டினால், அத்துமீறலுக்காக 10,000 டொலர் வரை தண்டம் விதிக்கப்படலாம் என்பது ஒருபுறமிருக்க, நிலக்காரர் தடத்தையே மூடிவிட்டால் ஊர் முழுவதும் இழக்கிறது. புதிதாக வந்த நாம் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மதுவைப் பற்றி ஒரு வரி: மது அருந்திவிட்டு இவ்விரண்டில் எதை ஓட்டிப் பிடிபட்டாலும், பறிபோவது உங்கள் கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம்தான்.

இனி உங்கள் மகன். பயிற்சி வகுப்பில் தேர்ச்சிபெற்று ஸ்னோமொபைல் ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் எடுத்தால், 12 வயதிலிருந்தே தடங்களில் ஓட்டலாம். ஆனால் பொதுவீதியின் வழியே செல்லவும், அதைக் குறுக்கே கடக்கவும் 16 வயது நிறைந்திருக்க வேண்டும். இந்தக் குறுக்கே கடப்பதில்தான் பெற்றோர் இடறுகிறார்கள்: தடம் ஓரிடத்தில் வீதியைச் சந்தித்தால், அங்கே வண்டியைப் பெரியவர் ஒருவர் வாங்கிக் கடத்திக் கொடுக்க வேண்டியிருக்கும். வீதியோரத்தில் குவிக்கப்பட்ட பனிமேடுகள் ஓட்டுபவரின் தலையளவுக்கு எழுந்து நிற்கும் பெப்ரவரியில், காரில் வருபவருக்கு அவன் கண்ணிலேயே படமாட்டான் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஏ.டி.வி.யை வீதியில் ஓட்ட ஜி2 வேண்டும் என்பதால், 16 வயதான பின்னரும் பயிற்சிநிலை அனுமதியான ஜி1 மட்டும் கையில் இருந்தால் அவன் காத்திருக்கத்தான் வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது, நகரசபையின் எழுத்தர் அலுவலகத்தை அழைத்து, இரண்டு வாகனங்களுக்கும் உரிய நடப்பு உபவிதிகளையும், வீதி வரைபடம் இருந்தால் அதையும் கேட்டு வாங்குவதே. அப்போது, உங்கள் வீட்டிலிருந்து தடம் வரையுள்ள ஒவ்வொரு வீதியும் நகருக்குச் சொந்தமானதா, பல ஊர்களை உள்ளடக்கிய கவுண்டி நிர்வாகத்துக்குச் சொந்தமானதா என்றும் கேளுங்கள். ஊரின் பிரதான வீதியே கவுண்டியின் பொறுப்பில் இருந்து, அதற்கு வேறு உபவிதி பொருந்தக்கூடும். இடையில் ஒரு வீதி மட்டும் தடைசெய்யப்பட்டிருந்தாலும், வண்டியை டிரெய்லரில் ஏற்றித் தடத்தின் வாகனத் தரிப்பிடம் வரை கொண்டுபோய் இறக்குங்கள். மகனுக்கு 16 வயதாகும் வரை எப்படியும் அதுதான் உங்களுக்கு வழி.