முதல் அரை மாரத்தான்: தோழிகளோடு ஓடுவதா, தனியாக ஓடுவதா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். முதல் அரை மாரத்தானைத் தோழிகளோடு சேர்ந்து ஓடுவது நல்லதா என்பது ஒன்று. அவர்கள் உங்களைவிட வேகமானவர்கள், அவர்களுக்குப் பாரமாகிவிடுவேனோ என்பது மற்றொன்று.

கட்டாயம் சேர்ந்தே ஓடுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கூட்டத்தில் யார் மெதுவானவரோ அவர்தான் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டும். இதை ஓட்டத்தன்று காலையில் பேசிக்கொள்ள முடியாது. பயிற்சி தொடங்கும் முன்பே வாய்விட்டுப் பேசி முடிவு செய்துவிடுங்கள். அப்படிப் பேசி முடித்துவிட்டால் பாரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பேசாமல் விட்டால், எவ்வளவு உயிர்த்தோழிகளாக இருந்தாலும் ஐந்தாவது கிலோமீட்டரில் அவர்கள் முதுகைத்தான் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

நான் தக்கலையைச் சேர்ந்தவள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் பிறந்தவர்களுக்குச் சேர்ந்து ஓடுவதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை; மகா சிவராத்திரிதோறும் வீட்டு வாசலில் நின்றே பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். முன்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் நிறைவடையும் சிவாலய ஓட்டத்தில் 12 சிவன் கோயில்கள். தூரம் 100 கிலோமீட்டருக்கும் அதிகம். காவி உடுத்து, கையில் பனையோலை விசிறியோடு ஓடிவரும் பக்தர்களான கோவிந்தன்மார்களுக்குப் பத்மநாபபுரத்தில் உள்ள கல்குளம் நீலகண்டசுவாமி கோயில் ஏழாவது. சிறுவயதில் அவர்களுக்கு மோரும் சுக்குநீரும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒருவர் “கோவிந்தா” என்று குரல் கொடுப்பார், கூட வருகிறவர்கள் “கோபாலா” என்று பதில் கொடுப்பார்கள். பதில் குரலில் ஒன்று குறைந்தால் முன்னால் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். கொஞ்ச தூரம் நடப்பார்கள், குரல் திரும்பியதும் மறுபடியும் ஓட்டம். யாருடைய கையிலும் வேகம் காட்டும் கடிகாரம் கிடையாது. கூட வருகிறவனின் குரல்தான் அவர்களுக்கு அளவு.

ஓட்டப் பயிற்சியாளர்கள் இன்று சொல்வதும் இதைத்தான். நீண்ட ஓட்டத்தில் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு முட்டினால் அது உங்களுக்கு அதிகம். தனியாக ஓடுகிறவர் இதைச் சோதிக்க யாரோடு பேசுவார்?

எங்கள் கூட்டத்தில் நான்கு பேர். தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அக்கா ஏற்கெனவே அரை மாரத்தான்கள் ஓடியவர். அடுத்தவர் எதிர்வீட்டு மைனி, அதாவது அண்ணி. மூன்றாமவள் குளச்சல் பக்கத்துச் செவிலியர் தோழி. அவளுக்கு ஞாயிறு காலை பூசை இருந்ததால் எங்கள் நீண்ட ஓட்டம் சனிக்கிழமைக்கு மாறியது. நான்காவது நான், நால்வரிலும் மெதுவானவள். தக்கலையில் இருந்து குமாரகோவில் சாலையில் போய், வேளிமலை அடிவாரம் தொட்டு, பத்மநாபபுரம் கோட்டை மதிலை ஒட்டித் திரும்புவோம். அந்தச் சாலைகளில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். விடிவதற்கு முன்பு ஒரு பெண் அந்த வழியில் தனியாக ஓட வேண்டும் என்றால், நாய்க்குப் பயப்படுவதா, உரசிக்கொண்டு மெதுவாகப் போகும் பைக்குக்குப் பயப்படுவதா என்பதிலேயே பாதி மனம் போய்விடும். நான்கு பேர் சேர்ந்து போகும்போது மனம் முழுவதும் ஓட்டத்தில் இருந்தது. வீட்டாரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். பெண்கள் சேர்ந்து ஓடுவதற்கு இந்த ஒரு காரணம் போதும் என்பேன்.

இதை எழுதும்போது கேத்ரின் சுவிட்சர் நினைவுக்கு வருகிறார். 1967-இல் பாஸ்டன் மாரத்தானில் எண் அட்டையோடு ஓடிய முதல் பெண். போட்டி அதிகாரி ஒருவர் வழியில் பாய்ந்து வந்து அவர் நெஞ்சில் இருந்த எண்ணைப் பிடுங்கப் பார்த்தபோது, கூட ஓடிய ஆண் நண்பர் அந்த அதிகாரியைத் தள்ளிவிட்டார். அந்தப் புகைப்படம் உலகம் முழுவதும் தெரிந்தது. அதைவிட என் மனதில் நிற்பவர் ஆர்னி பிரிக்ஸ். 50 வயதுக்காரர், சுவிட்சர் படித்த பல்கலைக்கழகத்தில் தபால் கொண்டுபோகும் வேலை, பாஸ்டனில் பலமுறை ஓடிய அனுபவம். பெண்ணால் அந்தத் தூரம் ஓட முடியாது என்று அவரே முதலில் சொன்னவர். பயிற்சியில் ஓடிக் காட்டினால் நானே அழைத்துப் போகிறேன் என்றும் சொன்னார். பனியிலும் இருட்டிலும் அந்தப் பெண்ணின் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூடவே ஓடினார், போட்டி நாளிலும் பக்கத்தில் ஓடினார். பாஸ்டன் மாரத்தான் பெண்களை முறைப்படி அனுமதித்தது 1972-இல்தான். எங்கள் தபால் அலுவலக அக்காவிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, “தபால்காரருக்குத் தூரம் தெரியும்” என்று மட்டும் சொன்னார். முகம் மலர்ந்திருந்தது.

பயிற்சி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரை மாரத்தான் 21.1 கிலோமீட்டர். முன்பே முழுத் தூரமும் ஓடிப் பார்க்க வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை நீண்ட ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி 16 அல்லது 18 வரை கொண்டுபோனால் போதும். இடையில் நடப்பதில் தப்பே இல்லை, ஆனால் நால்வரும் ஒரே நேரத்தில் நடங்கள். எதிரே வரும் வண்டி தெரியும்படி சாலையின் வலப்பக்கம் ஓடுங்கள், இருவருக்கு மேல் வரிசை கட்ட வேண்டாம். புதுக் காலணியைப் போட்டி நாளில் முதல்முறையாகப் போடாதீர்கள். சாப்பாடும் அப்படித்தான். நாங்கள் ஓட்டத்துக்கு முன்பு மட்டிப்பழம் சாப்பிட்டுப் பழகினோம், வழியில் கருப்பட்டித் துண்டு. போட்டி நாளிலும் அதுவேதான்.

நம் கடலோரத்தில் வெயிலைவிடப் புழுக்கம்தான் பெரிய சோதனை. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் வியர்வை வழியுமே தவிர உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதனால் வேகத்தைக் குறைப்பது தவிர வேறு வழியில்லை. தாகத்துக்குக் குடியுங்கள். பயத்தில் வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் ஆபத்தாகிவிடும்; உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ கையில் இருப்பது நல்லது.

எங்கள் போட்டி கன்னியாகுமரியில், ஆவணி மாதத்தில் நடந்தது. பக்கத்தில் உள்ள கோவளம் கிராமம் தாண்டி மணக்குடிப் பக்கமாகப் போய்த் திரும்பும் பாதை. அந்தப் பருவத்தில் மேற்கில் இருந்து வரும் காற்று எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். போகும்போது நேராக முகத்தில் அறைந்தது. அக்கா ஒன்றும் பேசாமல் முன்னால் போய் நின்றுகொண்டார், நாங்கள் ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கிக்கொண்டோம். கொஞ்ச தூரம் போனதும் செவிலியர் தோழி முன்னால் வந்தாள், பிறகு மைனி. எலியுட் கிப்சோகே 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடியபோது, காற்றைத் தடுக்க 41 ஓட்டக்காரர்கள் முறைவைத்துச் சுற்றி ஓடினார்கள். அவருக்கே அது தேவைப்பட்டது என்றால், தோழியின் முதுகுக்குப் பின்னால் ஓடுவதில் நமக்கு என்ன கூச்சம்?

திரும்பும்போது காற்று முதுகில் பட்டது. எளிதாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் காற்றின் திசையிலேயே ஓடும்போது உடம்பில் காற்றுப் படுவது குறைகிறது, வியர்வை இன்னும் உலராது. சூரியனும் ஏறிவிட்டிருந்தது. 17-ஆவது கிலோமீட்டர் அட்டையைத் தாண்டியபோது நான் பேச்சை நிறுத்திவிட்டேன். நிறுத்தியது எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்தது. “மக்களே, நேற்று ராத்திரி வீட்டில் என்ன குழம்பு?” என்றார். யோசித்தேன், வரவில்லை. உடனே கையை நீட்டி எல்லோரையும் நடக்க வைத்தார். இடுப்புப் பையில் இருந்து உப்பும் எலுமிச்சையும் கலந்த சிறிய பாட்டிலை எடுத்து, மூடியைத் தானே திறந்து என் கையில் கொடுத்தார். மைனி தன் தொப்பியைத் தண்ணீரில் நனைத்து என் பிடரியில் வைத்தாள். செவிலியர் தோழி என் பெயரையும் கிழமையையும் கேட்டாள், குளிர்கிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டாள், கண்ணைப் பார்த்தாள். பதில் ஒழுங்காக வராமல் இருந்திருந்தால் அங்கேயே உட்கார வைத்து முதலுதவி வண்டியைக் கூப்பிட்டிருப்பாள். அப்படித்தான் முன்கூட்டியே பேசியிருந்தோம். சிறிது தூரம் நடந்த பிறகு, “உள்ளித்தீயல்” என்றேன். மைனி என் தோளில் தட்டினாள், மறுபடியும் ஓடத் தொடங்கினோம்.

நண்பர்கள் தேவை என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இந்த இடம்தான். உற்சாகக் குரலை சாலையோரத்தில் நிற்கிற யாரும் கொடுப்பார்கள். களைத்த உடம்பு தன்னைப் பற்றித் தானே சரியாகக் கணிப்பதில்லை. நம் வழக்கமான குரல் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் அது மாறியதைக் கண்டுபிடிப்பார். முன்னால் ஓடிப்போய் எல்லைக்கோட்டில் கைதட்டக் காத்திருக்கும் தோழியால் இதைச் செய்ய முடியாது.

நால்வரும் ஒரே வரிசையில் முடித்தோம். மூன்று மணி நேரத்துக்குள் முடிந்தது.

இனி பாரம் என்ற கவலைக்கு வருகிறேன். நானும் இதை அக்காவிடம் நேரடியாகக் கேட்டேன். அவர் சொன்ன கணக்கு இது. நன்றாக ஓடுகிறவர்களும் தங்கள் பயிற்சியில் பெரும்பகுதியை மெதுவாகத்தான் ஓடுகிறார்கள். வேகப் பயிற்சி சிறு பகுதிதான். கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்ற வேகத்தில் அரை மாரத்தான் 2 மணி 49 நிமிடம் எடுக்கும். இரண்டு மணி நேரத்தில் முடிக்கக்கூடியவருக்கு அவ்வளவு நேரம் ஓடிக்கொண்டே இருப்பது நல்ல பயிற்சி. அதற்கு மேல், உங்களோடு ஓடுகிறேன் என்று ஒருவர் மனதார ஒப்புக்கொண்ட பிறகு, “நீங்கள் போங்கள், நான் வருகிறேன்” என்று கிலோமீட்டருக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். அது அவர்களைத்தான் சங்கடப்படுத்தும்.

உங்கள் தோழிகளில் யாராவது இந்த முறை தன் நேரத்தைக் குறைத்துக்காட்ட ஆசைப்படலாம். அது நியாயமான ஆசை. அவரை மனநிறைவோடு முன்னால் அனுப்பிவிட்டு, கூட ஓட விரும்பும் ஒருவரை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஒருவர் போதும். பதிவு செய்யும்போது முடிக்கும் நேரத்தைக் கேட்பார்கள். இருவரும் ஒரே நேரத்தை எழுதுங்கள், அப்போதுதான் தொடக்கத்தில் ஒரே பிரிவில் நிற்க முடியும். போட்டியின் நேரவரம்பையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.