கிளிநொச்சி நகரைச் சீராக்க ஊர்ச் சங்கம் என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். முதலில் எது யாருடைய பொறுப்பு என்று பாருங்கள். நகரின் நடுவே போகும் ஏ9 நெடுஞ்சாலை, வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. சந்தை, உள்வீதிகள், குப்பை எல்லாம் கரைச்சி பிரதேச சபையின் பக்கம். இடம் மாறிக் கொடுத்த கடிதம் அப்படியே கிடக்கும். கிராம அபிவிருத்திச் சங்கமாகப் பிரதேச செயலகத்தில் பதிந்திருந்தால் கோரிக்கைக்குக் கனம் கூடும்.

என்னைக் கேட்டால் வடிகாலில் தொடங்குங்கள். 2018 டிசெம்பர் வெள்ளத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. மாரி ஒக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன்பே கடைக்காரரையும் சேர்த்துச் சிரமதானம் வையுங்கள், மண்வெட்டிக்கு அடங்காத அடைப்புகளைப் படமெடுத்துப் பொறுப்பான சபைக்குக் கொடுங்கள். அப்புறம் நிழல். வேம்பு நடலாம், ஆனால் தண்ணீர் ஊற்ற ஒரு கடைக்காரர் சம்மதித்த வாசலில் மட்டும் நடுங்கள்.