ஹாலிபேர்ட்டன் காட்டு றோட்டில் ஜீப் ஓட்டலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் எழுதியதை ஆறுதலாக வாசித்தேன். கனடாவில் பிரம்டனுக்கு வந்து இது இரண்டாவது விண்டர். பழைய ஜீப் ரேங்லர் ஒன்று வாங்கி, பெப்ரவரியில் ஃபமிலி டே விடுமுறை வார இறுதியில் நண்பர்களோடு ஹாலிபேர்ட்டன் பக்கம் போய், ஸ்னோ வழிக்காத ஒரு காட்டு றோட்டில் ஏற்றியிருக்கிறீர்கள். எதிரே ஸ்னோமொபைல் என்கிற பனி வண்டியில் வந்த நாலைந்து பேர் மறித்துக் கத்தியிருக்கிறார்கள். வரைபடத்தில் அது பொது றோட்டு, மறிக்க அவர்கள் யார், எங்கள் நிறத்தைப் பார்த்து வந்த கோபமா இது, பேசாமல் நானும் ஒரு ஸ்னோமொபைல் வாங்கலாமா? இவைதானே கேள்விகள். நான் இரண்டையும் வைத்து ஓட்டுகிறவன், கோடையில் ஃபோர் வீல் ஜீப், விண்டரில் ஸ்கிடூ என்கிற ஸ்னோமொபைல். இரண்டு பக்கத்துக் கோபமும் எனக்குத் தெரியும், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சட்டத்தில் நீங்கள் சொன்னது சரியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஒன்ராறியோவை அளந்து காணிகளாகப் பிரித்த காலத்தில் நடுநடுவே றோட்டுக்கென்று 66 அடி அகலத்தில் நிலம் விட்டார்கள். நில அளவையாளர்களின் சங்கிலி ஒன்றின் நீளம் அது. அப்படி விட்ட பல இடங்களில் இன்றுவரை ஒழுங்கான றோட்டே போடவில்லை, ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அவை பொதுவழிதான். வேறு சில றோட்டுகளைக் கோடையில் மட்டும் நகரசபை பார்த்துக்கொள்ளும். விண்டர் தொடங்கினால் வழிக்காது, 'விண்டர் பராமரிப்பு இல்லை, உங்கள் சொந்தப் பொறுப்பில் போங்கள்' என்று பலகை நிற்கும். அந்தப் பலகை போகாதே என்று சொல்லவில்லை. நகரசபை தனியாகத் தடை எதுவும் போடாத இடத்தில், பதிவும் இன்சூரன்சும் உள்ள ஜீப்பை ஓட்டினதற்காக உங்களை மறிக்க இன்னொரு பயணிக்கு அதிகாரமில்லை. அந்த அதிகாரம் மாகாணப் பொலிஸ் போன்ற சட்ட அதிகாரிகளுக்குத்தான் உண்டு.

ஆனால் இங்கே ஒரு விஷயம் இருக்கிறது. அந்த றோட்டு ஓரிடத்தில் முடியும், ஸ்னோமொபைல் பாதை முடியாது, நேரே யாரோ ஒருவருடைய வயலுக்குள்ளோ பற்றைக்குள்ளோ போய்விடும். ஸ்னோ மூடிய பிறகு எது றோட்டு, எது காணி என்று கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கோட்டைத் தாண்டினால் அது அத்துமீறல், அந்தச் சட்டத்தில் அபராதம் 10,000 டொலர் வரை போகலாம். காடென்றால் அரசாங்க நிலம்தானே என்று புதிதாக வருகிற நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஒன்ராறியோவில் 87 சதவீதம் அரச நிலம் என்பது உண்மைதான், அதில் மிகப் பெரும் பகுதி வடக்கே கிடக்கிறது. ரொறன்ரோவிலிருந்து இரண்டு மூன்று மணித்தியாலம் ஓடிப் போய்ச் சேருகிற இடங்களில் தனியார் காணியும் அரச நிலமும் துண்டு துண்டாகக் கலந்துதான் இருக்கும்.

சரி, இனி அவர்கள் ஏன் அப்படிக் கத்தினார்கள் என்பதற்கு வருகிறேன். இதைத்தான் எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

நீங்கள் பார்த்த அந்த அகலமான, தட்டையான, வெள்ளை வெளேரென்ற பாதை இயற்கையாக அமைந்ததல்ல. ஓ.எஃப்.எஸ்.சி. என்று ஒரு கூட்டமைப்பு, அதற்குள் ஊருக்கு ஊர் ஸ்னோமொபைல் கழகங்கள், எல்லாம் சேர்ந்து மாகாணம் முழுக்க ஏறத்தாழ 30,000 கிலோமீற்றர் பாதையைப் பராமரிக்கின்றன. வேலை செய்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் தொண்டர்கள். இலையுதிர் காலத்தில் விழுந்த மரம் வெட்டி, சின்னப் பாலங்கள் திருத்தி, அடையாளப் பலகை நட்டு வைப்பார்கள். ஸ்னோ விழுந்ததும் முதல் வேலை அதை அமுக்குவது. ஸ்னோ தளர்வாகக் கிடந்தால் போர்வை மாதிரி நிலத்தின் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கீழே சதுப்பு உறையாது. அமுக்கிவிட்டால் குளிர் கீழே இறங்கும், சேற்று நிலம் இறுகும், பிறகுதான் பாரமான குரூமர் அதன் மேல் போகலாம். குரூமர் என்பது சங்கிலித் தடம் போட்ட பெரிய உழவு இயந்திரம் மாதிரி ஒன்று, பின்னால் நீளமான இரும்புச் சட்டத்தை இழுத்துக்கொண்டு போகும். மேடுகளைச் செதுக்கி, ஸ்னோவைக் கிளறி, திரும்ப அமத்தி விடும். ஒன்றின் விலை சில லட்சம் டொலர். மணிக்கு 10, 15 கிலோமீற்றர் வேகத்தில், பெரும்பாலும் இரவில்தான் ஓட்டுவார்கள், அப்போது குளிர் அதிகம், போக்குவரத்தும் குறைவு. ஓட்டி முடித்த பிறகும் அந்தப் பரப்பு இறுகச் சில மணித்தியாலம் வேண்டும். அதற்குள் ஒரு ஜீப் ஏறினால், சாணம் மெழுகின முற்றத்தில் காய முதல் நடந்த மாதிரித்தான்.

பாரக்கணக்கையும் பாருங்கள். ஸ்னோமொபைலும் ஆளும் சேர்ந்தால் 350 கிலோ அளவில் வரும், அந்தப் பாரம் அகலமான றப்பர்த் தடத்திலும் இரண்டு ஸ்கீயிலும் பரவி இறங்கும், மேலால் மிதந்து போய்விடும். உங்கள் ஜீப் ஆட்களோடு இரண்டாயிரம் கிலோ அளவில் வரும், நாலு ரயரும் நிலத்தைத் தொடுகிற சின்ன இடத்தில் அவ்வளவும் இறங்கும். காற்றைக் குறைத்து ஓட்டினாலும் வெட்டும். வெட்டின தடம் அன்றிரவே கல்லாக உறையும். அடுத்த நாள் காலை அதில் வருகிற ஸ்னோமொபைலின் ஸ்கீ அந்தப் பள்ளத்துக்குள் விழுந்தால் ஓட்டுபவர் திருப்ப நினைக்கிற பக்கம் அது திரும்பாது, பள்ளம் போகிற பக்கம்தான் போகும். அந்த வண்டிக்கு முன் ஸ்கீயில் பிரேக் கிடையாது, பின் தடத்தில் மட்டும்தான். வளைவில் அப்படி நடந்தால் மரம்தான் நிறுத்தும். ஈரமான இடத்தில் ஜீப் புதைந்து சில்லுச் சுற்றினால் கீழே இருக்கிற கறுத்த சேறு மேலே வரும், அது வெயிலை உறிஞ்சி அந்த இடத்தையே முதலில் கரைத்துவிடும், ஓரிடத்தில் அறுந்தால் அந்தப் பாதையே மூடவேண்டி வரும்.

இன்னொரு பயமும் அவர்களுக்கு உண்டு, தடத்தைவிட அதுதான் பெரிது. தென் ஒன்ராறியோவில் இந்தப் பாதைகளின் பெரும் பகுதி தனியார் காணிகளுக்கு ஊடாகப் போகிறது. ஆயிரக்கணக்கான காணிக்காரர்கள், கமக்காரர்கள் பலர், பெரும்பாலும் ஒரு சதம் வாங்காமல் 'விண்டரில் ஸ்னோமொபைல் போகலாம்' என்று மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். கூட்டமைப்பின் பெர்மிட் ஒட்டின ஸ்னோமொபைலுக்கு மட்டுமான அனுமதி அது. ஒருவர் மனம் வெறுத்து வாயிலைப் பூட்டினால் இரண்டு ஊருக்கு நடுவே தொடர்பு அறுந்துபோகும், அந்தப் பாதையை நம்பியிருக்கிற பெற்றோல் நிலையமும் மோட்டலும் சாப்பாட்டுக் கடையும் அந்த விண்டரை இழக்கும். உங்கள் ஜீப்பைக் கண்டதும் அவர்களின் நெஞ்சில் இடித்தது அந்தப் பூட்டின சத்தமாகத்தான் இருக்கும்.

அதற்காக ஸ்னோமொபைல்காரர் எல்லோரும் தங்கமான ஆட்கள் என்று நான் எழுதமாட்டேன். அடையாளம் போட்ட பாதையை விட்டு வயலுக்குள் இறங்கி, ஸ்னோவுக்குக் கீழே இருக்கிற விண்டர் கோதுமையையும் அல்ஃபால்ஃபா என்கிற தீவனப் பயிரையும் நாசம் செய்து காணிக்காரரை வெறுக்க வைப்பவர்களில் அவர்களும் இருக்கிறார்கள். பாதையில் பொதுவான வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர், அதை மதிக்காதவர்கள் நிறைய. அங்கே கொட்டேஜ் என்கிற விடுமுறை வீடு வைத்திருக்கிற குடும்பம் ஒன்றுக்கு வழிக்காத றோட்டால் தங்கள் வீட்டுக்குப் போக முழு உரிமை உண்டு, அவர்களையும் முறைத்துப் பார்க்கிற ஆட்களை நான் கண்டிருக்கிறேன். அது பிழை. மரம் வெட்டுகிற நிறுவனம் காட்டு றோட்டைத் திறந்தால் பெரிய லொறிகளே வரும், அப்போது கழகம் வாயை மூடிக்கொண்டு தன் பாதையை வேறு பக்கம் மாற்றுகிறது. ஆக, பகிர்ந்துகொள்ளவே முடியாது என்பதில்லை.

என் கருத்தை நேரே சொல்கிறேன். ஒரே நாளில் ஒரே தடத்தில் இரண்டும் ஓடுவதைப் பகிர்தல் என்று நான் ஏற்கமாட்டேன். காலத்தால் பிரித்துக்கொள்ள வேண்டும், அது முடியாத இடத்தில் இடத்தால் பிரிக்க வேண்டும். குரூமர் ஓடுகிற றோட்டை, சட்டத்தில் உரிமை இருந்தாலும், அந்தச் சில வாரங்களுக்கு விட்டுக்கொடுங்கள். தெற்கே நல்ல பருவம் என்பது ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரைக்கும்தான், சில வருடம் அதுவும் கிடைப்பதில்லை. உங்களுக்கோ கோடையும் இலையுதிர் காலமும் முழுக்க இருக்கிறது.

போக முதல் இரண்டு வரைபடம் பாருங்கள். ஒன்று ஸ்னோமொபைல் கூட்டமைப்பின் இணைய வரைபடம், பச்சை என்றால் பாதை திறந்திருக்கிறது, மஞ்சள் என்றால் கட்டுப்பாட்டோடு, சிவப்பு என்றால் மூடியிருக்கிறது. நீங்கள் போக நினைக்கிற றோட்டின் மேல் அந்தக் கோடு கீறியிருந்தால், எந்த நிறமாக இருந்தாலும் அந்த விண்டருக்கு மறந்துவிடுங்கள். சிவப்பு என்றால் ஆளில்லை, போகலாம் என்று சிலர் நினைப்பார்கள். சிவப்பாக இருக்கிற நேரத்தில்தான் நிலம் சரியாக உறையாமல் இருக்கும், குரூமரும் தயார்படுத்த ஓடிக்கொண்டிருக்கலாம். மற்றது அரச நிலக் கொள்கை வரைபடம், எந்தத் துண்டு அரச நிலம், எதில் என்ன செய்யலாம் என்று மாகாணமே போட்டிருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டால் ஸ்னோமொபைல் கோடு இல்லாத, வழிக்காத அரச நிலக் காட்டு றோட்டுகள் கிடைக்கும். அங்கே ஆசை தீர ஓட்டுங்கள், தனியாகப் போகாமல் இரண்டு வண்டியாக, மண்வெட்டியும் இழுவைக் கயிறும் வைத்துக்கொண்டு, திரும்பி வருகிற நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டு. பல இடத்தில் ஃபோன் வேலை செய்யாது. ஏரிக்கு மேல் மட்டும் இறக்க வேண்டாம். தெளிந்த ஐஸ் என்றாலும் ஸ்னோமொபைலுக்கே 25 சென்ரிமீற்றர் வேண்டும் என்று செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது, ஜீப்பின் பாரம் உங்களுக்குத் தெரியும்.

தெரியாமல் அவர்களின் பாதையில் ஏறிவிட்டால் பதறித் திருப்ப வெளிக்கிடாதீர்கள், திருப்புவதில்தான் மோசமாக வெட்டும். சில்லுச் சுற்ற விடாமல் மெதுவாகப் போய் அடுத்த குறுக்கு றோட்டில் இறங்குங்கள். லைட் எரியட்டும். வளைவிலும் ஏற்றத்தின் உச்சியிலும் நிற்கவே கூடாது, ஹெல்மெட்டுக்குள் அவர்களுக்கு உங்கள் சத்தம் கேட்காது, முன்னால் போகிற வண்டி கிளப்புகிற ஸ்னோ தூசியில் பின்னால் வருகிறவருக்குக் கண்ணும் தெரியாது. எதிரே வருகிறவர் விரல் காட்டினால் தனக்குப் பின்னால் அத்தனை பேர் வருகிறார்கள் என்று பொருள், மூடின முட்டி என்றால் அவர்தான் கடைசி. அந்த முட்டியைக் காணும்வரை ஓரத்தில் அசையாமல் நில்லுங்கள்.

நிறத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அன்று நான் அங்கே இல்லை, ஆகவே அந்த ஆட்களின் மனதுக்கு நான் உத்தரவாதம் கொடுக்க முடியாது. ஜீப்பில் யார் இருந்திருந்தாலும் அந்தப் பாதையில் சண்டை வந்திருக்கும், இது எனக்கு நிச்சயம். உள்ளூர் வெள்ளைக்காரப் பெடியங்களுக்கு இதைவிட மோசமாகத் திட்டு விழுந்ததைக் கேட்டிருக்கிறேன். ஆனால் உன் நாட்டுக்குப் போ என்கிற மாதிரி ஏதாவது சொன்னார்கள் என்றால், அல்லது வண்டியில் கை வைத்தார்கள் என்றால், பாதைக் கோபம் என்று அதை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. ஸ்னோமொபைலின் முன்பக்கத்தில் பதிவு இலக்கம் இருக்கும், குறித்துக்கொண்டு மாகாணப் பொலிசில் முறையிடுங்கள். நாங்கள் அந்தக் காட்டுக்கு வந்த முதல் குடிவரவாளர்களும் அல்ல. கின்மவுண்ட் என்கிற ஊர்ப் பக்கம் இன்று ஸ்னோமொபைல் ஓடுகிற பழைய ரயில் பாதை இருக்கிறதே, அதை வெட்டின வேலைக்கு 1874இல் ஐஸ்லாந்திலிருந்து வந்த குடும்பங்களைத்தான் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்த விண்டரில் அவர்களின் பிள்ளைகள் பலர் செத்துப்போனார்கள். அந்தப் பக்கம் போனால் அங்கே அவர்களுக்கு வைத்திருக்கிற நினைவுச் சின்னத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஸ்னோமொபைல் வாங்குகிற விஷயம். ஜீப்பை விற்காதீர்கள், முதலில் ஒருநாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். வாங்கினால் பதிவு, இன்சூரன்ஸ், ஹெல்மெட், சில நூறு டொலருக்குப் பருவ பெர்மிட், ஏற்றிப் போக ஒரு ட்ரெய்லர் என்று செலவு வரிசையாக வரும். சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தால் தனி லைசென்ஸ் தேவையில்லை. இதற்கெல்லாம் முன்னால் நான் செய்யச் சொல்வது ஒன்று. உங்களுக்குப் பிடித்த பகுதியின் ஸ்னோமொபைல் கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, ஒக்டோபரில் பற்றை வெட்டுகிற நாளுக்கு வரலாமா என்று கேளுங்கள். வேலைக்கு ஆள் போதாமல்தான் எல்லாக் கழகமும் இருக்கிறது. ஜீப்போடு போங்கள், அந்தப் பருவத்தில் பலகையும் கம்பும் வாளும் காட்டுக்குள் ஏற்றிப் போக உங்கள் வண்டி மாதிரி ஒன்று அவர்களுக்குத் தேவை. எந்த றோட்டு பொது, எந்த வேலிக்குப் பின்னால் யார் காணி, எந்தச் சதுப்பு கடைசியாக உறையும் என்று எந்த வரைபடத்திலும் இல்லாத விஷயங்களை அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குள் சொல்லித் தந்துவிடுவார்கள். சங்கிலி வாள் பழக்கமில்லை என்றால் அதைத் தொடாதீர்கள், கொப்பு இழுத்துப் போடவே ஆள் வேண்டும்.