மோரிப் கடல் வெறும் சேறுதானே, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

மலேசியாவில், சிலாங்கூரின் பந்திங் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம், லங்காவித் தீவு வரை போக வசதியில்லை, பக்கத்தில் இருக்கிற மோரிப் கடற்கரைக்குப் போனால் பிள்ளைகள் ஏமாந்துவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். மாட்டார்கள். தாராளமாகப் போங்கள்.

சேறு இருப்பது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆற்று வண்டல் வந்து படிகிற கரை அது. மலாக்கா நீரிணையில் பெரிய அலையும் கிடையாது, அதனால் வண்டல் அப்படியே தங்கிவிடுகிறது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை அங்கே இறங்கியபோது அவர்களுடைய வண்டிகளே புதைந்து நின்றன. இறங்கிய இடத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது, பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துப் போவதுதான் முக்கியம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும், ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் தூரம் வற்றும். வற்றிய நேரத்தில் போய் நின்று படம் எடுத்து "இதெல்லாம் ஒரு கடலா" என்று போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

நமக்குக் கோடை என்று தனியாக ஒன்று ஏது, பள்ளி விடுமுறைதான் கோடை. எங்கள் ரப்பர் தோட்டத்தில் சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை லோரியில் பலகை போட்டு, லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்கள் பாதிப் பேர் ஏறிவிடுவோம். பெரியம்மா விடியும் முன்பே புளிச்சாதம் கிளறி, அவித்த முட்டையும் நெத்திலிச் சம்பாலும் வைத்து வாழை இலையில் கட்டிவிடுவார். அந்தப் பொட்டலத்தைச் சவுக்கு மரத்தடியில் பிரிக்கும்போது இலை வதங்கிய வாசனை வருமே, அதற்கு ஈடாக எந்த ஹோட்டல் சாப்பாட்டையும் நான் சொல்ல மாட்டேன்.

அம்மா மரம் வெட்டுபவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பவர். மரத்தில் பால் பிடிக்கிற கிண்ணத்தை மங்கு என்போம், அதில் பழையது ஒன்றை வீட்டிலிருந்து எடுத்து வருவார். தண்ணீர் வற்றியதும் சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு ஈர மணலில் குந்தி, அந்த மங்கால் சுரண்டிச் சுரண்டிச் சிப்பி எடுப்பார். மங்கின் விளிம்பில் காய்ந்த பால் ஒட்டியிருக்கும், அதில் மணல் அப்பிக்கொள்ளும், கட்டைவிரலால் வழித்துவிட்டு மறுபடி தோண்டுவார். பக்கத்து வீட்டு அக்காவோடு பேச்சு, சிரிப்பு. பால் எடுக்க நேரமாச்சு என்று அங்கே கூப்பிட யாரும் இல்லை. அம்மா அப்படிச் சிரித்து நான் தோட்டத்தில் பார்த்ததே கிடையாது. இதை "ஏழைகளின் பிக்னிக்" என்று என் உறவுக்காரர் ஒருவர் சொன்னார், இன்றுவரை அவரோடு எனக்குச் சரியாகப் பேச்சு இல்லை.

சுத்தம் போதாது, ஜெல்லிமீன் வரும் என்று கீழே எழுத வருவீர்கள். தெரியும். பிள்ளைகளைக் கண் பார்வையில் வையுங்கள், சேற்றில் தூரமாகப் போக விடாதீர்கள். கரை தட்டையாக இருப்பதால் தண்ணீர் திரும்பும்போது சட்டென்று வந்து சூழ்ந்துவிடும்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். போன விடுமுறையில் வேன் பேசி முன்பணமும் கட்டிவிட்டேன். வாட்ஸ்அப்பில் எல்லாரும் கட்டைவிரல் போட்டார்கள், முதல் நாள் ராத்திரி "அக்கா, நாங்க வரலை" என்று வரிசையாகச் செய்தி. கல்யாண விருந்திலும் இதே கதைதான். வருகிறோம் என்று பேர் கொடுத்துவிட்டு வர மாட்டார்கள், பெண் வீட்டுக்காரர் காலி மேசைக்கும் சேர்த்துப் பணம் கட்டுவார். வரவில்லை என்றால் ஒரு வாரம் முன்பே சொல்வதில் என்ன கஷ்டம்?

சரி, நீங்கள் வருகிறவர்களை மட்டும் கூட்டிக்கொண்டு போங்கள். பாய் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றைப் பிள்ளைகள் எப்படியும் நனைத்துவிடுவார்கள். கால் கழுவ வீட்டிலிருந்தே ஒரு தோம்பு, அதாவது பெரிய கலன் நிறைய, தண்ணீர் கொண்டுபோவது நல்லது.